உலகத் தமிழ் மாநாடும் நாமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். மொழியும் அப்படியே. அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் எப்படி நலிந்து போகுமோ, அப்படியே பிற மொழியாரோடு கொள்வதும் கொடுப்பதும் இல்லாத மொழியும் நலிந்து போகும்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தேவாரம் பாடிய பெரியோர் இவ்வூரை 'முதுகுன்றம்' என்று அழைத்தனர். 'பழமலை' என்றும் இதற்குப் பெயர் உண்டு. வடமொழியில் 'விருத்தம்' என்றால் முதுமை. 'அசலம்' என்றால் மலை. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. நாம் நாள்தோறும் முகவரியில் எழுதும் ஊர்ப் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு அன்றோ!

நம் ஊரின் தொழிலையும் பாருங்கள். நம் சூளைகளில் வேகும் பொம்மைகளுக்கும் மின்சாரப் பியூஸ் கட்டைகளுக்கும் பொதுப்பெயர் பீங்கான். அச்சொல் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. பீங்கானுக்கு உயிரான வெண்களிமண்ணை உலகம் 'கயோலின்' என்கிறது. அது சீன நாட்டுக் குன்று ஒன்றின் பெயர். 'உயர்ந்த மேடு' என்பது அதன் பொருள். சீனச் சூளைகளில் பீங்கான் செய்யும் முறையை 1712ஆம் ஆண்டில் விரிவான கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அறிவித்தவர் தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு. முதுகுன்றத்துச் சூளையில் உயர்ந்த மேட்டின் பெயர் கொண்ட மண் வேகிறது! ஒரு சிறு கோப்பைக்குள் எத்தனை நாடுகளின் பேச்சு அடங்கியிருக்கிறது!

ஆனால் இப்படித் தானாக நிகழும் உறவு வேறு. அறிந்து, விரும்பி, அழைத்து உண்டாக்கும் உறவு வேறு. பல நாட்டு அறிஞர்களை ஒரே மன்றத்தில் அமர்த்தி, ஒரு மொழியின் இலக்கியத்தைப் பற்றி உரையாட வைப்பது எளிய செயல் அன்று. அத்தகைய விழா ஒன்று 1968ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னையில் நடைபெற்றது. அதுவே இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. அம்மாநாடு எப்படி உருவாயிற்று, அதற்கு வேராக இருந்தவர் யார், நாம் அதிலிருந்து கற்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கோனான்குப்பத்தில் ஒரு முன்னோட்டம்

மாநாட்டைப் பற்றிப் பேசுமுன் நம் ஊருக்கு அருகிலுள்ள கோனான்குப்பத்துக்கு ஒருமுறை சென்று வருவோம். ஆண்டுதோறும் ஜனவரியில் திருவிழாவுக்குச் செல்லும் நம்மில் பலருக்கு அக்கோயிலைக் கட்டியவர் வீரமாமுனிவர் என்பது தெரியும். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். தமிழகம் வந்து, தமிழ் கற்று, தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தைப் பாடினார்; சதுரகராதி என்னும் அகராதியைத் தொகுத்தார்; திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார்.

அவர் பெயர்களை எவ்வாறு கையாண்டார் என்பதைக் கவனித்தால் ஒரு பெரிய உண்மை புலப்படும். 'கான்ஸ்டன்டைன்' என்னும் சொல்லில் உறுதி என்னும் பொருள் உண்டு. ஆகவே அவர் முதலில் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். எபிரேய மொழியில் 'யோசேப்பு' என்பதற்குப் பெருகச் செய்தல் என்பது பொருள். ஆகவே தேம்பாவணியில் புனித சூசையப்பர் 'வளன்' ஆனார். நம் ஊர்ச் சிவன் கோயிலில் அம்மனின் பெயர் பெரியநாயகி. கோனான்குப்பத்தில் சேலை உடுத்தி நிற்கும் தேவதாயின் பெயரும் பெரியநாயகி. ஒலியைப் பெயர்த்து எழுதுவது யார்க்கும் எளிது. பொருளைப் பெயர்க்க வேண்டுமானால் இரு வீட்டாரின் உள்ளமும் தெரிந்திருக்க வேண்டும். முனிவருக்கு அது தெரிந்திருந்தது. ஏனெனில் அவர் இங்கே ஆசிரியராக மட்டும் வரவில்லை. முதலில் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார்.

தமிழ் கற்கத் தொடங்கிய குருவானவர்

உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வேராக அமைந்தவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே. அவர்தாம் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகள். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் பிறந்தார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயின்று, பின்னர் உரோமையில் இறையியல் கற்று, 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலம், லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம் எனப் பல மொழிகளில் அவருக்குப் பயிற்சி உண்டு.

இத்துணை மொழிகளை அறிந்த அவர் 1940இல் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அங்கேதான் தம் தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லை என்பதை அவர் உணர்ந்தார். உணர்ந்தவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். உரோமையில் பயின்ற குருவானவர், தாம் பணிபுரியும் ஊரில் ஒரு பண்டிதர் முன் ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்த காட்சியை நாம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1945இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், நம் மாவட்டத்திலேயே சிதம்பரத்தை அடுத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை எவ்வாறு பாடப்பட்டுள்ளது என்பதை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தோடு மனித உள்ளத்தை இணைத்துப் பாடிய சங்கப் புலவர்களைக் கிரேக்க, லத்தீன் கவிஞர்களோடு அருகருகே வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. இரண்டையும் மூலமொழியில் படித்தவர் ஆதலால் அந்த ஒப்பீடு அவருக்குக் கைவந்தது.

ஏன் ஒரு மாநாடு தேவைப்பட்டது?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டபின் அடிகள் கிழக்காசிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் செய்து தமிழைப் பற்றி உரையாற்றினார். சென்ற இடங்களில் இந்தியப் பண்பாடு என்றால் வடமொழி ஒன்றையே பலரும் அறிந்திருந்தனர். தமிழில் ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

இந்நிலையில் ஒருவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 'எங்கள் மொழியின் பெருமையை அறியாதவர்கள் இவர்கள்' என்று சினந்து திரும்பிவிடலாம். அல்லது அவர்களுக்குப் புரியும் மொழியில் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். அடிகள் இரண்டாவதைத் தேர்ந்தார். 1952ஆம் ஆண்டு 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதன் வழியாக உலகப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தன.

உலக நூலகங்களிலும் அவர் தேடினார். தமிழ் நாட்டில் மறந்துபோன பழைய அச்சு நூல்கள் ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்தன. அந்தாம் தெ ப்ரொயென்சா என்னும் குரு தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மீண்டும் வெளியிட்டார். நமக்கே தெரியாத நம் செல்வத்தைப் பிறர் பாதுகாத்து வைத்திருந்தனர் என்பது எண்ணி மகிழவும் சிறிது நாணவும் வேண்டிய செய்தி.

1964ஆம் ஆண்டு ஜனவரியில் புது தில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலகப் பேரவை கூடியது. அதற்குப் பல நாடுகளிலிருந்தும் வந்திருந்த தமிழ் ஆர்வலர்களை அடிகளும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் முதலியோரும் ஒன்றுகூட்டினர். ஜனவரி 7ஆம் நாள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜீன் ஃபிலியோசா என்னும் பிரெஞ்சு அறிஞர். நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை நிறுவியவர் அவரே. அடிகளோடு செயலாளர் பொறுப்பேற்றவர் கமில் சுவலபில் என்னும் செக் நாட்டு அறிஞர். அவர் சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் பெயர்த்தவர்.

தமிழுக்காக அமைந்த மன்றத்துக்குத் தலைவர் தமிழர் அல்லர்! இதில் அடிகளின் நோக்கம் தெளிவாகிறது. தமிழர் தமக்குத் தாமே கைதட்டிக்கொள்ளும் கூட்டமாக அது இருத்தல் ஆகாது. பிறர் பேச நாம் கேட்பதும், நாம் பேசப் பிறர் கேட்பதுமாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நோக்கம்.

சென்னை, 1968

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. அப்போது அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைப் பேராசிரியராக இருந்தார். இரண்டாம் மாநாடு தமிழ் பிறந்த மண்ணில், 1968 ஜனவரியில் நடைபெற்றது. அப்போது தமிழக முதலமைச்சராக இருந்தவர் அறிஞர் அண்ணா.

மாநாட்டில் இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று ஆராய்ச்சி அரங்கம். அங்கே பல நாட்டு அறிஞர்கள் கட்டுரை படித்தனர். கேட்டவர்கள் வினா எழுப்பினர். படித்தவர்கள் விடை கூறினர். இலக்கியம், இலக்கணம், வரலாறு, கலை எனப் பொருள்கள் விரிந்தன. ஆராய்ச்சி அரங்கில் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கலாம். ஆனால் சான்று காட்டியே மறுக்க வேண்டும். இதுவே உரையாடலின் இலக்கணம். அக்கட்டுரைகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர் ஆஷர் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர்.

மற்றொன்று பொதுமக்களின் விழா. அலங்கார ஊர்திகள் அணிவகுக்க, சென்னை நகரமே விழாக்கோலம் பூண்டது. மெரினா கடற்கரையில் திருவள்ளுவர், ஒளவையார், கம்பர், பாரதியார் முதலியோருக்குச் சிலைகள் எழுந்தன. அந்த வரிசையிலேயே வீரமாமுனிவர், ஜி. யு. போப், கால்டுவெல் ஆகிய மூவரின் சிலைகளும் எழுந்தன. திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் போப். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர் கால்டுவெல். கடல் கடந்து வந்து தமிழ் கற்றவர்களை ஒளவைக்கும் கம்பருக்கும் பக்கத்தில் நிறுத்திய செயல், 'இவர்களும் எம் குடும்பத்தார்' என்று தமிழகம் உலகுக்குச் சொன்ன சொல்லாகும்.

மாநாட்டைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். அவர் பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலை உருதுவில் மொழிபெயர்த்தவர். கிரேக்க நூலை உருதுவுக்குக் கொண்டுவந்த கைகள் தமிழ் மாநாட்டைத் தொடங்கி வைத்தன என்பது எவ்வளவு பொருத்தம்!

அம்மாநாடு கலைந்தவுடன் பயனும் கலைந்துவிடவில்லை. அதன் விளைவாகவே 1970இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியது.

தொடர்ந்த பயணமும் ஒரு துயரமும்

மூன்றாம் மாநாடு 1970இல் பாரிஸ் நகரில் கூடியது. நான்காவது 1974 ஜனவரியில் அடிகளின் சொந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அதன் நிறைவு நாளான ஜனவரி 10ஆம் நாள், கூடியிருந்த மக்களைக் காவல்துறையினர் கலைக்க முற்பட்டபோது மின்கம்பி அறுந்து விழுந்து பலர் உயிர் இழந்தனர். இலக்கியம் கேட்க வந்தவர்கள் உயிரற்றுத் திரும்பிய அந்நாளை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. ஒரு நாட்டில் இரு மொழியார் ஒருவரையொருவர் கேட்க மறுத்தால் என்ன நேரும் என்பதற்கு அத்துயரம் சாட்சி. உரையாடல் என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அன்று. அது உயிர்களைக் காக்கும் வேலியுமாகும்.

ஐந்தாம் மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் நடைபெற்றது. அதைக் காண அடிகள் இல்லை. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆயினும் அவர் நட்ட மரம் வாடவில்லை. மீண்டும் கோலாலம்பூர் (1987), மொரீஷியஸ் (1989), தஞ்சாவூர் (1995), மறுபடியும் கோலாலம்பூர் (2015), அமெரிக்காவின் சிகாகோ (2019) என மாநாடுகள் தொடர்ந்தன.

இன்றைய இலக்கிய விழாக்கள்

இக்காலத்தில் இலக்கிய விழாக்கள் பெருகியுள்ளன. 2006 முதல் ஜெய்ப்பூரில் நடைபெறும் இலக்கிய விழாவுக்குப் பல நாட்டு எழுத்தாளர்கள் வருகின்றனர். நம் தமிழக அரசு 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. அங்கே பிற நாட்டுப் பதிப்பாளர்களும் நம் பதிப்பாளர்களும் நேரில் அமர்ந்து, எந்த நூலை எந்த மொழியில் பெயர்க்கலாம் என்று ஒப்பந்தம் செய்கின்றனர். தமிழ் நூல்களைப் பெயர்ப்பவர்க்கு அரசு நிதியுதவியும் அளிக்கிறது.

மொழிபெயர்ப்பாளரின் மதிப்பும் உயர்ந்துள்ளது. 2025ஆம் ஆண்டின் அனைத்துலகப் புக்கர் பரிசு கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக் அவர்களின் சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தீபா பாஸ்தி. பரிசுத் தொகையான 50,000 பவுன் இருவருக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எழுதியவர்க்குப் பாதி, பெயர்த்தவர்க்குப் பாதி! இருவரும் பெண்கள் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம் என்பவரே சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன். தாமே சிறந்த கதைகளை எழுதியவர், பிற நாட்டுச் சிறுகதைகள் பலவற்றையும் தமிழில் பெயர்த்தார். தமக்கு எழுதத் தெரியும் என்பதால் பிறர் எழுதியதைப் படிப்பதை அவர் நிறுத்திவிடவில்லை.

எங்கள் வகுப்பில் கண்ட பாடம்

இவற்றையெல்லாம் படித்துக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்த பின் எங்களுக்கு ஒரு குறை உறுத்தியது. எங்கள் வகுப்பில் வீட்டில் உருது பேசும் தோழி ஒருத்தி இருக்கிறாள். எட்டாம் வகுப்பு முதல் எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறாள். தமிழில் எங்களைவிட நன்றாகவே எழுதுவாள். ஆயினும் அவள் மொழியில் ஒரு சொல்லேனும் சொல்லித் தரும்படி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பாரிஸ் மாநாட்டைப் பற்றிப் பெருமையாக எழுதப் புகுந்த நாங்கள், பக்கத்தில் இருப்பவளிடம் பேச்சுக் கொடுக்க மறந்திருந்தோம்.

அடுத்த இலக்கிய மன்றக் கூட்டத்தில் அவள் பாட்டி சொன்ன கதை ஒன்றைச் சொல்லும்படி வேண்டினோம். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு உருதுவில் சொல்லித் தமிழிலும் சொன்னாள். ஊருக்குச் செல்லும் ஒருவர் தம் நகையை அண்டை வீட்டுக் கிழவியிடம் கொடுத்துவிட்டுச் செல்கிறார். கிழவி பட்டினி கிடந்தும் அதைத் தொடவில்லை. கதையின் நடுவே அவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். அச்சொல் 'அமானத்'. தமிழில் என்ன சொல்வது? 'அடமானம்' என்றாள் ஒருத்தி. அடமானம் கடனுக்கு ஈடாக வைப்பது. கிழவியிடம் யாரும் கடன் வாங்கவில்லையே என்று மறுத்தாள் மற்றொருத்தி. 'கடன்' என்றனர் சிலர், 'பரிசு' என்றனர் சிலர், எதுவும் பொருந்தவில்லை. பத்து நிமிடம் வகுப்பே அமளிப்பட்டது. இறுதியில் எங்கள் தமிழாசிரியை 'அடைக்கலப் பொருள்' என்றார். நம்பி ஒப்படைத்ததை அப்படியே காத்துத் திருப்பித் தருவது. தோழியின் முகம் மலர்ந்தது. 'ஆம், அதுதான்!' என்றாள்.

அன்று நாங்கள் ஓர் உருதுச் சொல்லை மட்டும் கற்கவில்லை. எங்கள் சொந்தத் தமிழ்ச் சொல் ஒன்றின் ஆழத்தையும் கற்றோம். அவள் கேட்டிராவிட்டால் 'அடைக்கலம்' என்னும் சொல்லை நாங்கள் செபத்தில் சொல்லிக்கொண்டே போயிருப்போம். பொருளை நினைத்திருக்க மாட்டோம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! கான்வென்டில் படிக்கும் நமக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஆங்கிலம் சிறிது பேச வந்ததும் தமிழைத் தாழ்வாக எண்ணுவது ஒன்று. தமிழே போதும், பிற மொழிகளில் கற்க ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவது மற்றொன்று. தனிநாயகம் அடிகளின் வாழ்க்கை இரண்டுக்கும் மருந்து. பல மொழிகள் அறிந்தும் தம் மொழியை அறியாத குறையை அவர் ஒளிக்கவில்லை. பண்டிதர் முன் அமர்ந்து கற்றார். கற்றபின் அதைத் தம் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை, உலகத்தோடு பகிர்ந்தார். மாணவராக அமரத் தெரிந்ததனால்தான் அவரால் மாநாட்டைக் கூட்ட முடிந்தது.

நாம் எல்லோரும் உலக மாநாடு கூட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுக்கு ஒருநாள், வீட்டில் வேறு மொழி பேசும் தோழி ஒரு கதை சொல்லவும் மற்றவர் கேட்டு மொழிபெயர்க்கவும் ஏற்பாடு செய்யலாம். தெலுங்கோ, உருதுவோ, எதுவாயினும் சரி. நம் பெற்றோரும் அருட்சகோதரியரும் இதற்குத் துணை நிற்பார்கள் என்று நம்புகிறோம்.

மொழி நமக்குச் சொந்தமான சொத்து மட்டும் அன்று. முன்னோர் நம்பி நம்மிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் அது. தோழியின் மொழியும் அப்படியே. இரண்டையும் பழுதின்றிக் காத்து, நமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்போமாக.